வியாழக்கிழமைச் சத்தம்

கொமெத் அணியைக் கலைத்துவிடுவதென்று முடிவானபோது, அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பை என் மகள் சோபிகாவிடம் கொடுத்தார்கள். எழுபத்து மூன்று வருடம் இருந்த மோட்டார் சைக்கிள் பந்தய அணி அது. ஒஸ்லோவின் கிழக்குக் கோடியில், வெஸ்ட்லிக்கு மேலே காடு தொடங்கும் இடத்தில், அவர்களுக்கு நீள்வட்டமாய் ஒரு மண்தடம் இருந்தது. சோபிகா அதில் பத்து வருடம் ஓடியவள். அந்த அணியில் ஓடிய ஒரே தமிழ்ப்பிள்ளை அவள்தான்.

"நவம்பர் பதினாறு கடைசிக் கூட்டம். அதிலை வாசிக்கவேணுமாம்," என்று குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தபடி சொன்னாள். "தொடக்கக் கதையெல்லாம் எங்கட தலைவர் ஸ்வெர்ரெயின்ர பெட்டியளுக்கை கிடக்கு. முடிஞ்ச கதைதான் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியேல்லை. அதாலை நான் கொமூனவுக்கு எழுதிப் போட்டன், அம்மா. தடத்தை மூடின கேஸின்ர கடதாசி முழுக்க அனுப்பச் சொல்லி."

"முழுக்கவோ?"

"ஓம். ஆர் முறைப்பாடு செய்தது, ஆர் என்ன எழுதினது, எல்லாம். இந்த நாட்டிலை ஆரும் கேட்டு வாங்கலாம் தானே."

நான் கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். கொமூன என்கிற நகரசபைக்குப் போன அந்தக் கடதாசிகளில் ஒன்று நான் எழுதியது.

என் பெயர் உதயகுமாரி. மருத்துவமனையொன்றில், எலும்பு முறிந்தவர்களைக் கிடத்தும் வார்டில் உதவித் தாதி. என் கணவர் குகநேசன் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றுவிட்டு, ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியவர். வெஸ்ட்லியில், பத்தாவது மாடியில் வீடு. கோடைகாலத்தில் ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். மரம் அரிகிற இயந்திரமென்றுதான் நாங்கள் பல வருடம் நினைத்திருந்தோம். சோபிகாவுக்குப் பதின்மூன்று வயதானபோது, அது என்னவென்று பார்க்கவேண்டுமென்று நின்றாள். குகநேசன் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் முகமெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தார்கள்.

"அந்த வண்டியளுக்குப் பிரேக் இல்லை, உதயா," என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

"அப்ப என்னண்டு நிப்பாட்டுறது?"

"நிப்பாட்டுறேல்லை. பின்சில்லைச் சறுக்கவிட்டுத்தான் திருப்புறது. நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிசம். முடிஞ்சுது."

அடுத்த கிழமையே அவள் அங்கே சேர்ந்துவிட்டாள். பந்தயத் தடத்துக்கு நோர்வேஜியனில் 'பானெ' என்பார்கள். "அம்மா, பானெக்குப் போறன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "எந்தப் பானைக்குள்ளை, பிள்ளை?" என்று நான் கேட்பேன். தொடக்கத்தில் அது எங்கள் வீட்டில் பகிடியாக இருந்தது. ஒரு வருடம் ஓடிவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பதினைந்து வயதில் இளையோர் அணிக்கும் பதினெட்டில் பெரிய அணிக்கும் தெரிவானாள். படித்து முடித்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள். வியாழக்கிழமைகளில் மட்டும் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவாள்.

பத்து வருடத்தில் மூன்று தரம்தான் அவள் ஓடுவதைப் பார்க்கப் போனேன். முதல் இரண்டு தரமும் தேநீர்க்கடைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு, முடிந்ததும் கைதட்டினேன். மூன்றாவது தரம் 2019 ஆவணியில். அன்றைக்குத் திரும்பி நிற்கக் கூடாதென்று முடிவெடுத்துத்தான் போனேன்.

பின்னேரம் ஏழு மணியிருக்கும். நல்ல வெயில். தூர்ஸ்தைன் என்கிற பெடியன் முன்னுக்கு ஓடினான். சோபிகாவைவிட ஆறு வயது மூத்தவன், அவளுக்குத் தொடக்கம் எடுப்பது எப்படியென்று பழக்கியவன். இரண்டாவது வளைவில் அவனுடைய வண்டி சறுக்காமல் நிமிர்ந்தது. நிமிர்ந்த வண்டி நேரே வேலிக்குப் போனது. சோபிகா அந்தப் புழுதிக்குள் புகுந்து, அவனுக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம் இருக்க, வெளியே வந்தாள். பிறகு எல்லா இயந்திரங்களும் ஒன்றாக நின்றன.

அந்த அமைதியை என்னால் விளங்கப்படுத்த முடியாது. எலும்பு முறிந்தவர்களோடு பதினாறு வருடம் வேலை செய்தவள் நான். ஓடிப்போய் அவனுடைய தலையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். என் கால்கள் நகரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள்தான் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அவனுடைய கையைப் பிடித்தபடி மண்ணில் இருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து அவனை என் வார்டுக்கு மாற்றினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இருபத்தாறு வயது. நான்தான் அவனைக் குளிப்பாட்டினேன், திருப்பிப் படுக்க வைத்தேன். முதல் நாளே அவன் கேட்டது, "சோபிகா அடுத்த வியாழன் ஓடினாளா?" என்றுதான்.

ஓடியிருந்தாள். போகவேண்டாமென்று நான் அவளுடைய சப்பாத்தை ஒளித்து வைத்திருந்தேன். பந்தயத்துக்கென்று இடது காலில் போடுகிற, அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து. அவள் தேடவே இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டு வந்தாள்.

"இண்டைக்கு ஓடாட்டி இனி ஒருநாளும் ஓடமாட்டன், அம்மா. உங்களுக்கு அது விளங்காது."

எனக்கு விளங்கியது. அதனால்தான் ஒளித்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் வீட்டுப் பல்கனியில் நிற்கத் தொடங்கினேன். சத்தம் ஒரு நிமிடம் கேட்க வேண்டும், நிற்க வேண்டும், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எல்லாம் சரி. ஒரு நிமிடத்துக்கு முன்னே நின்றுவிட்டால், யாரோ விழுந்துவிட்டார்கள். அவளுக்குப் போன் எடுப்பேன். அவள் எடுக்கமாட்டாள், எடுக்கவும் முடியாது. அடுத்த சத்தம் வரும்வரைக்கும் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அக்ஷயா வந்தாள். 2021 மே மாதம். தடத்துக்குக் கீழே புதிதாய்க் கட்டிய அடுக்குமாடிகளில் குடிவந்திருந்த இந்தியத் தமிழ்ப்பிள்ளை. மென்பொருள் வேலை, பிள்ளைப்பேற்று விடுமுறையில் நின்றாள். நெஞ்சில் எட்டு மாதக் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோவையோடு கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து வந்த கறி வாசனையில் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க தமிழா?"

"ஓம், தமிழ்தான்."

"அய்யோ அக்கா! இந்த பில்டிங்ல தமிழ் பேசுறவங்க இருக்காங்கன்னே தெரியாது. நான் அக்ஷயா, கோயம்புத்தூர்."

"வாங்கோ. கதிரையிலை இருங்கோ," என்றேன். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓ, சேர்!" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வந்த காரியத்தைச் சொன்னாள். பந்தயத் தடத்தின் நில அனுமதி அடுத்த வருடத்தோடு முடிகிறதாம். புதுப்பிக்கக் கூடாதென்று குடியிருப்பாளர்கள் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம்.

"வியாழக்கிழமையானா பாப்பா தூங்கவே மாட்டேங்குது, அக்கா. ஜன்னல மூடினாலும் கேக்குது. ரெண்டு மணி நேரம் அழுதுட்டே இருக்கா. நீங்களும் ஒரு சைன் பண்ணிடுங்களேன். கீழ கமெண்ட் எழுத இடம் இருக்கு. சொந்தமா ஏதாவது எழுதினா இன்னும் நல்லதாம்."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மகள் அங்கே ஓடுகிறாள் என்று நான் அக்ஷயாவிடம் சொல்லவில்லை. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். பிறகு கீழே எழுதத் தொடங்கினேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். ஆனால் யாரும் சொல்லித்தராமல், என் மனதிலிருந்ததை நோர்வேஜியனில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

"என் மகள் இந்தத் தடத்தில் ஓடுகிறாள். வண்டிக்குப் பிரேக் இல்லை. வியாழக்கிழமை சத்தம் கேட்டால் எனக்குப் பயம். சத்தம் நின்றால் அதைவிடப் பயம். தயவுசெய்து இதை மூடுங்கள். அவளிடம் சொல்லவேண்டாம்."

அக்ஷயாவுக்கு நோர்வேஜியன் அவ்வளவாக வராது. வாசிக்காமலே நன்றி சொல்லிக் கோவைக்குள் வைத்துக்கொண்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

அந்தக் கோடை முழுக்க சோபிகா எதிர்க் கையெழுத்துச் சேர்த்தாள். தடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று கடைத்தெருவில் மேசை போட்டு நின்றாள். வேலை முடிந்து வந்து கடிதம் எழுதினாள். ஒருநாள் எங்கள் முன்னாலும் தாளை நீட்டினாள். குகநேசன் வைத்தார். நானும் வைத்தேன். வேறென்ன செய்ய? என் பெயர் இரண்டு பக்கத்திலும் இருந்தது.

அவள் மெலிந்துபோனதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் கொமூன அலுவலகத்துக்குப் போய், நான் எழுதியதைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த இளம்பெண் நல்லவள். கணினியில் தேடிப் பார்த்தாள்.

"இருக்கிறது. ஆனால் பதிந்துவிட்டோம். பதிந்த கடிதத்தை வெளியே எடுக்க முடியாது."

"நான் எழுதினது தானே. நான் மனம் மாறிவிட்டேன்."

"அப்படியென்றால் மனம் மாறிவிட்டேனென்று இன்னொரு கடிதம் எழுதலாம். அதையும் இதன் பக்கத்தில் வைப்போம். ஆனால் கருத்துச் சொல்லும் காலம் மூன்று கிழமைக்கு முன்னே முடிந்துவிட்டது. எழுதினாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தண்ணீர் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டாள்.

மாசியில் முடிவு வந்தது. அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. 2022 செப்ரெம்பரில் கடைசிப் பந்தயம் ஓடினார்கள். நான் போகவில்லை. அடுத்த வருடம் மே மாதம் முதல் வியாழன் பல்கனிக் கதவைத் திறந்து வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், உள்ளே அறையில் என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். ஒருநாள் நானே, "பிள்ளை, வேறை எங்கையும் பானெ இல்லையோ?" என்று கேட்டேன். "இல்லை, அம்மா" என்றாள்.

அணிக்காரர்கள் இரண்டு வருடம் வேறு நிலம் தேடினார்கள். நான்கு இடத்தில் கேட்டு நான்கிலும் இல்லையென்றார்கள். ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராய் விலகி, கடைசியில் ஏழு பேர் மிஞ்சினார்கள். ஏழு பேரும் கூடிக் கலைப்பதென்று கை உயர்த்தினார்கள்.

வரலாறு எழுதத் தொடங்கிய பிறகுதான் சோபிகாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அணித் தலைவர் ஸ்வெர்ரெ கொடுத்த ஆறு பெட்டிகள் எங்கள் வரவேற்பறையை நிறைத்தன. சாப்பிடும்போது எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். செங்கல் சூளையில் வேலை செய்த ஐந்து பேர் 1951இல் தொடங்கினார்களாம். முதல் தடத்துக்கு மண் சுமந்தது சூளையின் குதிரை வண்டியாம். 1968இல் நாட்டின் முதலிடம். அன்றைக்கு நாலாயிரம் பேர் வந்தார்களாம், மரங்களில்கூட ஏறியிருந்தார்களாம்.

"இதைக் கேளுங்கோ, அம்மா. குத்ருன் எண்டு ஒரு மனுசி. 1958இலை அவவின்ர புருசன் முதல் வளைவிலை அடிபட்டுச் செத்துப்போனார். அடுத்த கிழமை அவ வந்து தேநீர்க்கடையைத் திறந்தவவாம். முப்பத்தொரு வருசம் அவதான் அந்தக் கடையை நடத்தினவ."

"ஏன் வந்தவவாம்?" என்று கேட்டேன்.

"அது ஒரு இடத்திலையும் எழுதேல்லை."

குகநேசன் சோற்றைப் பிசைந்தபடி, "கேட்டிருக்கமாட்டினம்," என்றார்.

அந்த மனுசியைப் பற்றி நான் நாட்கணக்காக யோசித்தேன். அவவின் படம் ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. தடித்த கைகள், கோப்பிக் கேத்தல், காமராவைப் பார்க்காத முகம்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் கொமூனவின் கடதாசிகள் மின்னஞ்சலில் வந்தன. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தாள். சொல்லிவிட வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒருநாள் அவளுடைய அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தேன். "என்ன அம்மா?" என்றாள். "நாளைக்கு என்ன சமைக்க?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தேன். இன்னொரு நாள் கதவுவரை போய்த் திரும்பினேன். குகநேசனிடமாவது சொல்லலாமென்றால், அவர் பஸ்ஸிலிருந்து வந்ததும் நித்திரையாகிவிடுவார். பெயர்களைக் கறுப்படித்துத்தான் அனுப்புவார்களென்று வேலையிடத்தில் ஒருத்தி சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மூச்சு விட்டேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை நாங்கள் மேசையில் இருந்தோம். சோபிகா மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திரையில் என் கடிதத்தின் படம். பெயருக்கு மேலே கறுப்புப் பட்டை.

"இது உங்கட எழுத்து," என்றாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் தந்துவிடுவீங்கள் தானே. சோபிகாவுக்குக் காய்ச்சல், சோபிகாவுக்குப் பல் வைத்தியர் எண்டு. பத்து வருசம் பார்த்த எழுத்து." அவள் சத்தம் போடவில்லை. ஆறு வரியையும் நோர்வேஜியனில் ஆறுதலாக வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பக்கங்களைத் தள்ளி முடிவுக் கடிதத்துக்குப் போனாள். அதில் ஒரு வசனம் இருந்தது. ஓட்டுநர் ஒருவரின் பெற்றோரே பாதுகாப்புக் குறித்துக் கவலை தெரிவித்திருப்பது கவனத்தில் எடுக்கப்படுகிறது.

"இருநூற்றுப் பதினொரு பேர் கையெழுத்து வைச்சவை. எழுதினதெல்லாம் சத்தம், சத்தம், சத்தம். சத்தத்துக்கு எங்களிட்டை மறுமொழி இருந்தது. நேரத்தைக் குறைக்கிறம், வேலியை உயர்த்துறம் எண்டு எழுதினனாங்கள். இதுக்கு என்ன எழுதுறது, அம்மா?"

"பிள்ளை, எனக்குப் பயமா..."

"தெரியும். எழுதியிருக்குத் தானே." திரையை மூடினாள். "என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். எத்தினை தரம் வேண்டாமெண்டு சொன்னனான்."

"அதைச் சொல்லேல்லை, நான். இதை எழுதினதைச் சொல்லியிருக்கலாம். நான் மேசை போட்டுக்கொண்டு நிண்டனான், அம்மா. எனக்குச் சாப்பாடு கட்டித் தந்துவிட்டனீங்கள்."

அதற்கு மேலே அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், நான் அழுதிருப்பேன், அவளும் அழுதிருப்பாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

குகநேசன் ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

"நீரும் ஏதாவது சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினேன். பதற்றத்தில் மரியாதை குழம்பிவிட்டது.

"என்னத்தைச் சொல்ல, உதயா?" என்றார் அவர். "தூர்ஸ்தைன் விழுந்த பிறகு ஒவ்வொரு வியாழனும் நான் பின்னேர வேலையை மாறி எடுத்தனான். நீர் கவனிக்கேல்லை. சத்தம் கேட்காத றூட் எது எண்டு பார்த்து எடுத்தனான். அந்தக் கடதாசி என்னட்டை வந்திருந்தால் என்ன செய்திருப்பனோ தெரியாது."

நவம்பர் பதினாறாம் திகதிக் கூட்டம் வெஸ்ட்லி சனசமூக மண்டபத்தில் நடந்தது. பழைய ஆட்கள், அவர்களுடைய குடும்பங்களென்று ஐம்பது பேர்வரை வந்திருந்தார்கள். நானும் போனேன். நூற்றிருபது ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். வெறுங்கையோடு போக முடியவில்லை. தூர்ஸ்தைன் சக்கரநாற்காலியில் முன்வரிசையில் இருந்தான். என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், "வார்டில் என்னைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்தினான்.

சோபிகா நாற்பது நிமிடம் வாசித்தாள். செங்கல் சூளை, குதிரை வண்டி, மரத்திலேறியவர்கள். குத்ருனைப் பற்றி வாசித்தபோது ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூர்ஸ்தைன் விழுந்ததையும் வாசித்தாள். பிறகு 2021 வந்தது.

"அயலில் இருந்தவர்கள் முறைப்பாடு செய்தார்கள். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை," என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அவ்வளவுதான். என்னை விட்டுவிட்டாள். முழு உண்மையும் எழுதவேண்டுமென்று முந்நூறு பக்கம் வாசித்தவள், எனக்காக அந்த இடத்தைப் பொய்யாக்கி வைத்தாள். அது எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. எழுபத்து மூன்று வருடத்து ஆட்களும் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரென்று தெரியவேண்டும் என்று தோன்றியது. அவள் வாசித்து முடித்து, கைதட்டல் ஓய்ந்ததும், நான் எழும்பி நின்றேன். நோர்வேஜியனில் என்ன சொல்வதென்று மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன்.

ஸ்வெர்ரெ என்னைப் பார்த்துவிட்டார்.

"ஆமாம், மறந்தே போனேன்!" என்று ஒலிவாங்கியில் சொன்னார். "இந்த அருமையான உணவெல்லாம் சோபிகாவின் தாயார் தனியாகச் செய்துகொண்டு வந்தது. பத்து வருடமாக எங்களுக்குத் தன் மகளைத் தந்தவரும் இவர்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். தூர்ஸ்தைன் தலைக்குமேலே கையை உயர்த்தித் தட்டினான். கதிரைகள் இழுபட, ஆட்கள் சாப்பாட்டு மேசைப் பக்கம் எழும்பத் தொடங்கினார்கள். நான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சோபிகா மேடையில் நின்றபடி என்னையே பார்த்தாள். வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். நான் இருந்துவிட்டேன்.

கார்த்திகை போய், மார்கழி போனது. நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தை மாதம் சோபிகா, சுவீடனில் ஓர் அணி தன்னைக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். எல்லையிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலையும் பார்த்துவிட்டாள்.

"எப்ப முடிவெடுத்தனி?"

"பானெ மூடின உடனே கேட்டவை, அம்மா. அப்ப மாட்டன் எண்டனான். வீட்டை விட்டுப் போக மனம் வரேல்லை."

பங்குனி முதல் கிழமை குகநேசன் இரவல் வானில் அவளுடைய வண்டியை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். கொமெத்தின் தடத்தில் இப்போது கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அக்ஷயாவின் கணவருக்கு பேர்கனில் வேலை கிடைத்து, அந்தக் குடும்பம் போன வருடமே அங்கே போய்விட்டது. போகமுன் வந்து, "இப்போ எவ்ளோ அமைதியா இருக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சுவீடனில் செவ்வாய்க்கிழமைகளில் பந்தயம். குகநேசன் போனில் நேரடியாகப் பார்ப்பார். நான் அந்த நேரம் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். முடிந்தபிறகு அவளுக்கு எடுப்பேன்.

"ஓடினனியோ?"

"ஓம்."

"சுகமோ?"

"சுகம்."

அதற்குமேல் கேட்க எனக்கு வராது. சித்திரையில் ஒருதரம் அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எங்களுக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப்போடுவதுதான் என் வேலை. என் பிள்ளைக்கு யார் கட்டினார்களோ.

ஆனி மாதம் லீவு எடுத்துக்கொண்டு, அவளிடம் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறினேன். சொன்னால் வரவேண்டாமென்பாளோ என்று பயம். சின்னத் தடம்தான், ஆனால் சனம் நிறைய. வேலியோடு ஒட்டி இடம் பிடித்தேன். இந்த முறை திரும்பி நிற்பதில்லை என்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான்கு பேர் வந்து நின்றார்கள். நான்கு பேரும் ஒரேமாதிரி உடுப்பு, முகத்தை மூடிய கவசம், ஒரேமாதிரிக் குனிந்த முதுகு. சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிற தலைக்கவசத்து உறையில்தான் வித்தியாசம்.

எது என் மகளென்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற மனுசனிடம் நோர்வேஜியனில் கேட்டேன். அவன் சுவீடிஷில் ஏதோ வேகமாகச் சொல்லிச் சிவப்பைக் காட்டியது போலிருந்தது. தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த கயிறு மேலே போனது. நான் சிவப்பைப் பிடித்துக்கொண்டேன். நான்கு சுற்றும் சிவப்போடேயே என் கண் போனது. வளைவில் அது சரியும்போது நல்லூர்க் கந்தா, நல்லூர்க் கந்தா என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். சிவப்பு விழாமல் முடித்தது.

சிவப்புக்காரன் வேலியோரம் வந்து கவசத்தைக் கழற்றினான். தாடி வைத்த ஒரு பெடியன்.

மற்றவர்களைத் தேடினேன். மஞ்சள் உறை போட்டவள் தூரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நடையில் சோபிகாதான். அவள் எந்த இடத்தில் முடித்தாள், எந்த வளைவில் தடுமாறினாள், ஒன்றும் நான் பார்க்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது என்னைக் கண்டுவிட்டாள். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றியபடி வேலிக்கு வந்தாள். முகமெல்லாம் மண்.

"தனியாவோ வந்தனீங்கள்?"

"ஓம். அப்பாவுக்கு வேலை."

"சாப்பிட்டனீங்களோ?"

"பஸ்ஸிலை சாப்பிட்டனான்."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சரியாகத் தெரியவில்லை. பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இன்னும் மூண்டு ஓட்டம் இருக்கு, அம்மா. நிப்பீங்களோ?"

"நிப்பன்."

"அடுத்ததிலை நான் நீலம்," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.